காளியாத்தாளின் ரிப்போர்ட்

பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் எடுத்த மதிவதனிக்கு நர்சிங்குக்குப் போக மார்க் பற்றவில்லை. 1995 ஜூனில் அவளுடைய அப்பா காளிச்சாமி திருப்பூர் சாயப்பட்டறை வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, அவிநாசியில் பஸ் ஏறி, மகளைக் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். காந்திபுரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் அந்தப் பாராமெடிக்கல் கல்லூரி இருந்தது. இரண்டு வகுப்பறை, ஒரு ஆபீஸ் ரூம், ஒரு ஆய்வகம். அவ்வளவுதான் கல்லூரி.

அதை நடத்திய வேங்கடசாமி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே விவரம் சொன்னார். "லேப் டெக்னீசியன் கோர்ஸ் ரெண்டே வருசமுங்க. முடிச்சுப்போட்டா கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போலாம். தனியார் லேப் இருக்குது, ரத்த வங்கி இருக்குது. மஸ்கட், துபாய்ல எல்லாம் நம்ம புள்ளைகளத்தான் கேக்கறாங்க."

காளிச்சாமி பத்து வயதில் அடுத்தவர் பண்ணையத்துக்கு ஆடு மேய்க்கப் போனவர். அவருடைய அப்பாவும் அதே பண்ணையத்தில்தான் இருந்தார். காளிச்சாமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உக்காந்து செய்யற வேலைங்களா?"

"ஃபேனுக்குக் கீழ உக்காந்து செய்யற வேலைங்க" என்றார் வேங்கடசாமி.

அன்றைக்கே சேர்த்துவிட்டார்.

வகுப்பில் பதினாறு பேர். மைக்ராஸ்கோப் ஒன்றுதான். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று முறை வைத்துப் பார்த்தார்கள். மதிவதனிக்கு அந்த ஐந்து நிமிடம் பிடித்திருந்தது. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, சாயம் ஊற்றிக் காயவைத்து, லென்ஸைத் திருப்பத் திருப்ப மங்கலில் இருந்து சிவப்பணுக்கள் தெளிந்து வரும்போது அவள் மூச்சை அடக்கிக்கொள்வாள். வீட்டுக்கு வந்து அம்மா பழனியாத்தாளிடம் சொல்லுவாள். பழனியாத்தாள் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிவிட்டு வந்து, வீங்கின விரல்களைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு கேட்பாள். "நம்ம ரத்தமும் அதே மாதிரிதான் இருக்குமா கண்ணு?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"எல்லாரு ரத்தமும் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்."

"அதைய ஒரு பேப்பர்ல எழுதி எங்க கம்பெனி சூப்ரவைசருக்குக் குடு" என்றாள் பழனியாத்தாள். இருவரும் சிரித்தார்கள்.

இரண்டாம் வருடம் ஆறு மாதம் ஒரு லேபில் பயிற்சி எடுக்க வேண்டும். அந்த லேபும் வேங்கடசாமியுடையதுதான். கல்லூரிக்குப் பின்பக்கச் சந்தில், இரண்டு நர்சிங் ஹோம்களுக்கு நடுவில் இருந்தது. அங்கே டெக்னீசியனாக இருந்த ஆல்வின் கொடுமுடிக்காரன். இதே கல்லூரியில் மூன்று வருடம் முன்னால் படித்து முடித்தவன். அதிர்ந்து பேசமாட்டான். அவன் ஊசி குத்தினால் குழந்தைகூட அழாது.

முதல் இரண்டு வாரம் மதிவதனிக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம்தான் கவனித்தாள். காலையில் வந்த பதினான்கு சிறுநீர் பாட்டில்களை ஆல்வின் வரிசையாக வைத்தான். ஒவ்வொன்றாகத் தூக்கி, வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்தான். பிறகு வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு, ரிப்போர்ட் தாள்களை எடுத்துச் 'சர்க்கரை இல்லை, உப்பு இல்லை' என்று எழுத ஆரம்பித்தான்.

"இன்னும் டெஸ்ட்டே போடலீங்களே" என்றாள்.

"கலங்கலா இருந்தா மட்டும் போடுவேன். மத்ததெல்லாம் நார்மலாத்தான் இருக்கும்."

"ரத்தத்துலீங்க?"

ஆல்வின் எழுதுவதை நிறுத்தவில்லை. "சக்கரைக்கான கிட் தீந்து பத்து நாளாச்சு மதி. சார்கிட்ட மூணு தடவ கேட்டுப்போட்டேன். வாங்கித் தரும்போது போடலாம்."

அவன் ஒரு தாளை முடித்துவிட்டு நிமிர்ந்தான். "நானும் உன்னைய மாதிரி மொத மாசம் தூங்கல. கவர்மென்ட் வேலைக்குப் பதியலாம்னு எம்ப்ளாய்மென்ட் ஆபீசுக்குப் போனேன். இந்தக் கோர்ஸ் அவங்க லிஸ்ட்லயே இல்லைன்னு திருப்பி அனுப்பிப்போட்டாங்க. பெரிய லேப்ல கேட்டா அனுபவச் சான்றிதழ் கொண்டாங்கறாங்க. அது சார் கையில இருக்குது. மஸ்கட்ல இருந்து சித்தப்பா விசா அனுப்பற வரைக்கும் இங்கதான்."

கல்லூரிக் கோர்ஸ் அரசாங்க லிஸ்ட்டில் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரியும். வீட்டில் அதைச் சொல்லவில்லை.

நவம்பர் மாதம் ஒரு புதன்கிழமை காளியாத்தாள் லேபுக்கு வந்தாள். அவள் மதிவதனியின் தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவள். இருபத்தாறு வயது, ஏழு மாதக் கர்ப்பம். முந்தின பிரசவத்தில் குழந்தை நாலரைக் கிலோ இருந்தது. பிறந்த அன்றைக்கே போய்விட்டது. அதனால்தான் இந்தத் தடவை அவள் புருசன் கந்தப்பன் பிடிவாதமாகக் கோயமுத்தூர் நர்சிங் ஹோமில் காட்டினான். தாய்க்குச் சர்க்கரை இருந்தால் வயிற்றிலேயே குழந்தை பெருத்துவிடும் என்று, அந்த டாக்டரம்மா ரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரை பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார்.

மதிவதனியைப் பார்த்ததும் காளியாத்தாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அட, நம்ம புள்ள! இவங்க எங்க ஊருங்க" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள். "நீயே குத்து அம்மணி. உன்ற கை மெத்துனு இருக்குது."

மதிவதனியே ரத்தம் எடுத்தாள். ஆல்வின் பேங்குக்குப் போயிருந்தான். சிறுநீர் பாட்டிலை அவள் வாஷ்பேசின் பக்கம் கொண்டுபோகவில்லை. அலமாரியில் பெனடிக்ட் கரைசல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நீலத் தண்ணீர் மாதிரி இருக்கும். அதில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரை இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறிக்கொண்டே போகும். அவள் ஸ்பிரிட் விளக்கைப் பற்ற வைத்தாள். கொதி வருவதற்குள்ளேயே பச்சையானது. மஞ்சளைத் தாண்டி, செங்கல் பொடியைக் கரைத்துவிட்ட மாதிரி அடியில் தங்கியது.

இன்னொரு டியூபில் மறுபடி போட்டாள். அதுவும் செங்கல் நிறம்தான்.

ஆல்வின் வந்ததும் இரண்டு டியூபையும் காட்டினாள். அவன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"ரத்தத்துல பாக்கோணுங்களே. கிட் வாங்கியாகோணும்" என்றாள்.

"சாரைக் கேக்கலாம் வா."

வேங்கடசாமி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அவர் குரல் உயரவே இல்லை. "கர்ப்பமா இருக்கறவங்களுக்கு யூரின்ல கொஞ்சம் சக்கரை வாரது சகஜந்தானுங்களே அம்மணி. ரத்தத்துல ஒண்ணுமே இருக்காது. பாடத்துலயே வருமே, படிச்சீங்கதானே?"

பாடத்தில் அப்படியும் ஒரு வரி இருந்தது உண்மைதான். மதிவதனி தடுமாறினாள். "கொஞ்சம் இல்லைங்க சார், நெம்ப இருக்குதுங்க. அதனாலதான் ரத்தத்துல பாத்துப்போட்டா..."

"கிட் திங்கக்கெழம வாரும். டாக்டரம்மா இன்னிக்கே ரிப்போர்ட் கேப்பாங்க. நம்ம லேப்ல கிட் இல்லைன்னு சொன்னா நாளைக்கு ஆராச்சும் இங்க அனுப்புவாங்களா? உங்க வகுப்புல இருக்கற பதினாறு புள்ளைகளும் எங்க போய் ட்ரெயினிங் எடுக்கும்?" அவர் ஆல்வின் பக்கம் திரும்பினார். "எப்பவும் போல எழுதிக் குடுத்துப்போடு."

லேபுக்குத் திரும்பினதும் ஆல்வின் ரிப்போர்ட் தாளை அவள் முன்னால் வைத்தான். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று கொஞ்ச நாளாக அவளைத்தான் எழுத வைத்துக்கொண்டிருந்தான். "ரத்தச் சர்க்கரை எண்பத்தெட்டு. சிறுநீர்ல இல்லை" என்றான், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"நான் எழுதமாட்டேனுங்க."

"நீ எழுதலைன்னா நான் எழுதுவேன். என்ன ஆகும்னு நினைக்கிற? இன்னும் நாலு மாசம் உன்ற ட்ரெயினிங் ரெக்கார்டுல அவர் கையெழுத்துப் போடோணும்."

வெளியே பெஞ்சில் காளியாத்தாள் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். மதிவதனி எழுதினாள். எழுதும்போது அவள் மனதில் ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. இன்றைக்கு ஊருக்குப் போய் நேரிலேயே சொல்லிவிடலாம். காகிதத்தில் என்ன இருந்தால் என்ன, காளியக்காவுக்கு என்மேல் நம்பிக்கை உண்டு.

சாயங்காலம் பஸ் இறங்கினதும் நேராக அவர்கள் வீட்டுக்குப் போனாள். கந்தப்பன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். காளியாத்தாள் உள்ளே இருந்து ஒரு கிண்ணத்தில் ரவா கேசரி கொண்டுவந்தாள்.

"அக்கா, இந்த இனிப்பெல்லாம் வேண்டாமுங்க. உங்களுக்குச் சக்கரை இருக்குதுங்க. வேற லேப்ல ஒருக்கா பாத்துப்போடுங்க."

"பேப்பர்ல இல்லைன்னுதானே இருக்குதாம்? டாக்டரம்மா பாத்துப்போட்டு எல்லாம் நல்லா இருக்குது, ஒண்ணும் பயமில்லைன்னு சொன்னாங்களே."

"அந்தப் பேப்பர் தப்புங்க அக்கா."

கந்தப்பன் துணியைக் கீழே போட்டான். "ஆரு எழுதுனது?"

"நாந்தானுங்க மாமா. எழுதச் சொன்னாங்க."

"காத்தால இல்லைன்னு எழுதிப்போட்டு, பொழுதோட இருக்குதுங்கற. இதுல எதைய நாங்க நம்பறது? உன்ற படிப்பே இன்னும் முடியல. மாசமா இருக்கற புள்ளைய இப்படிப் பயமுறுத்தலாமா?" அவன் கோபமாகக்கூடப் பேசவில்லை. பயந்துபோயிருந்தான். போன குழந்தையைத் தன் கையால் குழியில் வைத்தவன் அவன். நல்ல சேதி ஒன்று கையில் கிடைத்த நாளிலேயே அதை யாரோ பிடுங்குவது அவனால் தாங்க முடியவில்லை.

மறுநாள் மதிவதனி லேபுக்குப் போகாமல் நர்சிங் ஹோமுக்குப் போனாள். டோக்கன் வாங்கிக்கொண்டு கர்ப்பிணிகளோடு உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே போனாள். அவள் சொன்னதை டாக்டரம்மா கேட்டார். உடனே போனை எடுத்து வேங்கடசாமியிடமே விசாரித்தார். இந்தப் பக்கம் நின்ற மதிவதனிக்கு அவர் பேசுவது கேட்கவில்லை. டாக்டரம்மா "ஓகோ" என்றார். "அப்படியா, சரிங்க" என்றார். போனை வைத்தார்.

"புதுசா வந்திருக்கிற ஸ்டூடண்ட் நேத்து ரெண்டு சாம்பிளை மாத்திட்டாளாம். அவங்களே கண்டுபிடிச்சுத் திரும்ப டெஸ்ட் பண்ணித்தான் ரிப்போர்ட் அனுப்பினாங்களாம். நீதானே அது?"

"இல்லீங்க மேடம். மாத்தலீங்க. ரெண்டு தடவ போட்டுப் பாத்தேனுங்க."

"கத்துக்கற காலத்துல தப்பு வர்றது சகஜம்மா. அதை மறைக்கறதுக்கு இங்க வரைக்கும் வரக்கூடாது" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட மணி அடித்தார். அவர் ஒரு நாளைக்கு அறுபது பேரைப் பார்க்க வேண்டும்.

லேபில் அவளைச் சாம்பிள்களைத் தொட விடவில்லை. வெளியே உட்கார்ந்து பெயர் எழுதச் சொன்னார்கள். வாரக் கடைசியில் அதுவும் வேண்டாம் என்றார்கள். விஷயம் தெரிந்து பழனியாத்தாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு மகளோடு கல்லூரிக்கு வந்தாள். ஆபீஸ் ரூமில் நாற்காலி காலியாக இருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "ஏனுங்க சார், வெவரம் தெரியாத புள்ளைங்க. மன்னிச்சுப்போடுங்க" என்று கையைக் குவித்துக்கொண்டே நின்றாள். மகளைத் திரும்பிப் பார்த்து, "சொல்லு கண்ணு" என்றாள்.

மதிவதனி அம்மாவின் விரல்களைப் பார்த்தாள். "மன்னிச்சுக்குங்க சார்" என்றாள்.

"அதெல்லாம் எதுக்குங்க. நம்ம புள்ளைதானுங்களே" என்றார் வேங்கடசாமி. வகுப்புக்கு வரச் சொன்னார், லேபுக்குள் மட்டும் விடவில்லை.

ஜனவரியில், பொங்கல் கழிந்து நாலாம் நாள் காளியாத்தாளுக்கு வலி எடுத்தது. வயிறு அளவுக்கு மீறிப் பெருத்திருந்தது. குழந்தையின் தலை வெளியே வந்து தோள் சிக்கிக்கொண்டது. நர்சிங் ஹோமில் கைவிரித்து, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே போய்ச் சேர்வதற்குள் குழந்தை இல்லை. ஆண் குழந்தை. காளியாத்தாளை மட்டும் காப்பாற்றினார்கள். பெரியாஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை இருநூற்று எழுபது இருந்தது.

எட்டாம் நாள் கந்தப்பன் மதிவதனி வீட்டு வாசலுக்கு வந்தான். தாடியோடு இருந்தான். உள்ளே வரவில்லை.

"நீ சொன்னே. நாங்க கேக்கல" என்றான். "ஆனா அந்தப் பேப்பர்ல ஏன் அப்படி எழுதினே? அதைய மட்டும் சொல்லு அம்மணி."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கிட் இல்லாதது, வாஷ்பேசின், வேங்கடசாமி சொன்னது. அவன் கேட்டுக்கொண்டு நேராகக் கோயமுத்தூருக்குப் போனான். போனவனிடம் வேங்கடசாமி லேப் ரிஜிஸ்டரை எடுத்துக் காட்டினார். அதிலும் மதிவதனியின் கையெழுத்துதான். 'இதுக்காகத்தான் அந்தப் புள்ளைய அப்பவே வேலைய விட்டு நிறுத்துனமுங்க' என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். ஆல்வின் பக்கத்திலேயே நின்றிருக்கிறான். வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் மதிவதனியோடு பேசவில்லை. சண்டை போடவும் இல்லை. தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தை வைத்தால், காளியாத்தாள் தன் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

ஆல்வினுக்கு மார்ச்சில் விசா வந்தது. போகும் முன்னால் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்து, "என்னால முடியல மதி" என்றான். அவள் "சரிங்க" என்றாள். அவன்மேல் வெறுப்பு வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்குவார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு முறை எழுதிக் கொண்டுபோனாள். வரிசையில் நின்று மேசைக்கு வந்தபோது அங்கே இருந்த கிளார்க் மனுவைப் படித்தார். "மருந்துக்கடைக்கு லைசென்ஸ் இருக்குது. ஓட்டலுக்கு இருக்குது. லேபுக்குன்னு ஒண்ணும் இல்லையேம்மா. இதை நான் எந்த டிபார்ட்மென்டுக்கு அனுப்பறது?" என்று உண்மையாகவே யோசித்தார். கடைசியில் சுகாதாரத்துறைக்கு என்று ஓரத்தில் எழுதி முத்திரை குத்தினார். பதில் ஏதும் வரவில்லை.

சர்டிபிகேட் கிடைத்தது. அனுபவச் சான்றிதழ் கிடைக்கவில்லை. திருப்பூரில் மூன்று லேபிலும் அவிநாசியில் ஒன்றிலும் கேட்டாள். எங்கேயும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். ஒரு லேபில், "ஏற்கனவே சாம்பிள மாத்திப்போட்ட பொண்ணு நீதானா?" என்றே கேட்டுவிட்டார்கள். ஜூன் மாதம் அவளும் அம்மாவோடு பனியன் கம்பெனிக்குப் போனாள். செக்கிங் செக்‌ஷனில் நின்றுகொண்டே செய்யும் வேலை. சாப்பிடும்போது அவள் பக்கம் பார்ப்பதை அப்பா நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் தலைவலி மாத்திரை வாங்க மெடிக்கல் ஷாப்பில் நின்றாள். முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் பெனடிக்ட் கரைசல் ஒரு பாட்டில் கேட்டு வாங்கினார். சர்க்கரை வியாதிக்காரர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வாங்குவதுதான். அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அந்தப் புதன்கிழமை அது அவள் ஞாபகத்துக்கு வரவே இல்லை. அன்றைக்கு ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போய், காளியக்காவின் அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிட்டிருந்தால், அந்த நிறத்தை மாமா தன் கண்ணால் பார்த்திருப்பார். காகிதம், கையெழுத்து எதுவும் வேண்டியிருந்திருக்காது. மாத்திரை வாங்காமலே வெளியே வந்து, பூட்டியிருந்த பக்கத்துக் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பழனியாத்தாள்தான் தேடிக்கொண்டு வந்து கூட்டிப்போனாள்.

அடுத்த வருடம் மே மாதம், மேற்குத் தெருப் பொங்கியண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். கையில் வழவழப்பான காகிதத்தில் அச்சடித்த கல்லூரி நோட்டீஸ். அவர் மகளும் பிளஸ் டூ முடித்திருந்தாள்.

"நீங்க அங்க படிச்சவங்களாமா. புள்ளைய அங்க சேத்தலாமான்னு கேட்டுப்போட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

மதிவதனி அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அரசாங்க லிஸ்ட்டில் கோர்ஸ் இல்லாததில் ஆரம்பித்து, ஒன்றையும் விடவில்லை. தன் சர்டிபிகேட்டையும் எடுத்துக் காட்டினாள். பொங்கியண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். காபியைக் குடித்து முடித்தார்.

"உங்களுக்கு என்னமோ நேரஞ்சரியில்லைங்க அம்மணி" என்றார் எழுந்தபடி. "எங்க புள்ள கொஞ்சம் சூதானமா இருந்துக்குமுங்க. வேற எங்கீங்க சேத்தறது, நம்ம மார்க்குக்கு?"

மதிவதனி சர்டிபிகேட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

ஜூன் இரண்டாம் வாரம், காலை ஏழே முக்காலுக்கு அவளும் அம்மாவும் திருப்பூர் பஸ்ஸுக்கு நின்றார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், கோயமுத்தூர் பஸ் நிற்கும் இடத்தில், பொங்கியண்ணனின் மகள் நின்றிருந்தாள். புது வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்டிருந்தாள். மதிவதனியைப் பார்த்ததும் சிரித்து, "போய்ட்டு வாரேனுங்க அக்கா" என்று கத்திச் சொன்னாள்.

மதிவதனி ரோட்டைத் தாண்டப் போனாள். அதற்குள் பஸ் வந்து குறுக்கே நின்றது.